மல்லாட்டை விலையும் சைகோன் கப்பலும்

ரயிலடியிலிருந்து குருசுக்குப்பம் போகிற வழியில் என் மூட்டை கிழிந்துவிட்டது. அதன் ஓரம் ரிக்‌ஷா சக்கரத்தில் மாட்டிக்கொண்டதை நானும் கவனிக்கவில்லை, ரிக்‌ஷாக்காரரும் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த தெரு நெடுகச் சோயா உருண்டு கிடந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, யாரும் கேட்காமலே பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"இன்னா பயறுங்க இது? பட்டாணி மாரி இருக்குது, பட்டாணியும் இல்ல."

"மொச்சைடி."

"மொச்சை இப்பிடி உருண்டையாவா இருக்கும்?"

ரிக்‌ஷாக்காரர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினார். "மாட்டுக்குப் போடறதுங்களா?"

இதற்குச் சோயா என்று பெயர், எங்கள் ஊரில் இதை அரைத்துப் பால் எடுப்பார்கள், அந்தப் பாலைத் தயிர் மாதிரி உறையவைத்துக் கட்டி கட்டியாக வெட்டி விற்பார்கள் என்று சொன்னேன். பயறிலிருந்து பாலா என்று மூன்று பேரும் சிரித்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். சைகோன் என்றேன். பெண்களில் மூத்தவள் நிமிர்ந்து பார்த்து, "அப்ப சொல்தா வூட்டுக்குத்தான் வந்துகீறீங்க" என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து திரும்பியவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். நான் தேடிவந்த வீடு அதுதான். மூட்டையின் கிழிசலை அவளே தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொடுத்தாள். சைகோனில் இப்படி ஒரு மூட்டை நடுத்தெருவில் கிழிந்தால், மூட்டைக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது சைகோனில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் அன்னாமிய மொழி, அதாவது வியட்நாமியம். சைகோனை ஒட்டிய ஷோலோனில் எண்ணெயும் தானியமும் வாங்கி விற்கிற ஒரு சீன முதலாளியிடம் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்த அந்த ஐப்பசியில் முதலாளி என்னை இங்கே அனுப்பினார். இந்த வட்டாரத்து நிலக்கடலையை நாங்கள் எண்ணெய்க்காக வாங்குவது உண்டு. இந்த முறை வாங்குவதா வேண்டாமா என்பதில் அவருக்குச் சந்தேகம்.

"ஜப்பான்காரன் கப்பல் கப்பலாகச் சோயா வாங்குகிறான்" என்றார் முதலாளி. "ஐரோப்பாவில் கோழிக்கும் பன்றிக்கும் அதன் பிண்ணாக்குத்தான் வேண்டுமாம். அமெரிக்காவில் கண்ணுக்கு எட்டிய தூரம் அதையே விதைக்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் கடலையை யார் கேட்பார்கள்? இருந்தாலும் நீ போய்ப் பார். விளைச்சல் எப்படி, விலை ஏறுமா இறங்குமா, தந்தி கொடு. அப்படியே இந்தச் சோயாவையும் கொண்டுபோ. அந்த மண்ணில் வருமா என்று யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்."

உலகத்துச் சந்தையை ஒரு மூட்டையில் கட்டி என் தோளில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்த மூட்டைதான் முதல் நாளே கிழிந்தது.

சொல்தாவின் பெயர் அந்துவான். எங்களுக்கு இங்கே கடலை பிடித்துக்கொடுக்கிற தரகர். சைகோனில் பட்டாளத்தில் இருந்தபோது அங்கேயே லியென் என்ற அன்னாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, சண்டை முடிந்ததும் ஊருக்கு அழைத்துவந்தவர். கதவைத் திறந்தது லியென்தான். நீளமாகப் பின்னிய கூந்தல், சின்னாளப்பட்டிச் சேலை, கையில் பாதி சுத்தம் செய்த வஞ்சிரம். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையின் கட்டிலிருந்து நழுவி விழுந்த இரண்டு சோயாவைப் பார்த்தாள். மீனைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரிலிருந்து வருகிறதா?" என்று அவளுடைய மொழியில் கேட்டாள்.

"ஆமாம் அக்கா. ஷோலோனிலிருந்து."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மார்க்கெட் இப்போது எப்படி, வெள்ளம் வந்ததாமே, கோழி என்ன விலை, காலையில் சோயாப் பால் விற்கிறவன் இன்னும் தெருவில் கூவிக்கொண்டு வருகிறானா. நான் ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து வந்த அந்துவான் தூணைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, இவ இவ்ளோ பேசி நான் கேட்டு ஒரு வருசம் இருக்கும்" என்றார்.

அன்று சாப்பாடு வஞ்சிரக் குழம்பு. சோற்றோடு ரொட்டியும் வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சைகோனில் நான் தினமும் காலையில் தின்கிற அதே பிரெஞ்சு ரொட்டி. அங்கே அதை நடுவில் பிளந்து இறைச்சியும் ஊறுகாயும் வைப்பார்கள். இங்கே புளிக்குழம்பில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். இதை எப்படி எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடிக்காமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது லியென் தமிழில், "துன்னு, துன்னு" என்றாள். அவள் தமிழ் முழுக்க மீன்காரப் பெண்களிடம் கற்றது. "இது நேத்து மீனு, தூக்கிப் போடு" என்று அவள் சொன்னால் வைத்திக்குப்பத்திலேயே பிறந்தவள் என்றுதான் நினைப்பார்கள். தன் மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் அவளுக்குத் தமிழ் வராது.

மறுநாள் அந்துவான் என்னை ஜமால் பாயின் எண்ணெய் ஆலைக்கு அழைத்துப்போனார். வழியில் ரொட்டிக் கடை வாசலில் கோட்டுப் போட்ட இரண்டு தமிழ்க் கிழவர்கள் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பென்ஷன் பிராங்கில் வராது என்று நான் அப்போதே சொன்னேன்." "நீ சொன்னது எதுதான் நடந்தது? மழை வரும் என்றாய், வந்ததா?" விலையைக் கணிக்கிற தொழில் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று புரிந்தது.

ஆலையில் இன்னும் மோசம். இந்தப் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை என்ற பேர்தான் நாக்கில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டதாம். மல்லாட்டை விலை என்ன ஆகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். ஒருவர் பம்பாய் நிலவரத்தை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஒருவர் கடல் நிறம் மாறியிருக்கிறது, காற்றடிக்கும் என்றார். இன்னொருவருக்கு முழங்காலில் வலி, அதனால் மழை நிச்சயம். ஜமால் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எதையும் நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இன்னா சொல்றீங்க தம்பி, வெளியூர்லேருந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

முதலாளி சொன்னதைச் சொன்னேன். உலகமே சோயா பக்கம் திரும்புகிறது என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அந்துவான் மட்டும் சிரித்தார்.

"மாட்டுக்குப் போடறத நம்பிகினு மல்லாட்டைய வுட்டுருவாங்களா? பிரான்சுல எண்ணெய் ஆட்டற மார்சேய்க்காரன் கேப்பான் தம்பி. நீ பாரு, ஏறும்."

சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. ஆலைக்குப் பின்னால் இருந்த தன் கிடங்கைத் திறந்து காட்டினார். சித்திரை அறுப்பில் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய மல்லாட்டை, தோலோடு, கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. ஆடியில் விலை வந்தபோது விற்கவில்லை. ஆவணியில் விற்கவில்லை. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பயிரைப் பார்க்கக் கிளம்பினோம். உழவர்கரையைத் தாண்டி வில்லியனூரும் கடந்ததும் பஸ்ஸின் டயர் வெடித்தது. மாற்று டயரும் பஞ்சர். கண்டக்டர் இறங்கி ஒரு புளியமர நிழலைக் காட்டி, "எல்லாம் அப்பிடி உக்காருங்க, டவுன்லேருந்து டயர் வரட்டும்" என்று அதுதான் அன்றைய நிகழ்ச்சி நிரல் மாதிரி சொன்னார். யாரும் கோபிக்கவில்லை. ஒரு அம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் புளிச்சோறு உருட்டிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம்.

டயர் வெடித்தது நல்லதாகப் போயிற்று. பஸ்ஸில் போயிருந்தால் இவ்வளவு நிலங்களைப் பார்த்திருக்க முடியாது. சாலையின் இரண்டு பக்கமும் மல்லாட்டை. செடிகள் தளதளவென்று தரையை மூடிக்கிடந்தன. ஒரு நிலத்தில் தனபாக்கியம் என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள். நிலம் அவளுடையது. பயிரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் ஒரு செடியைக் கொத்தாகப் பிடுங்கி, மண்ணை உதறிக் காட்டினாள். வேர் தெரியாமல் காய்கள். நான் வேறு வேறு இடங்களில் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான். உடைத்தால் பருப்பு தோலை முட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் நல்லா குடுத்துட்டா பூமாதேவி" என்றாள் தனபாக்கியம். "இன்னும் ரெண்டு வாரம் வானம் சும்மா இருந்தாப் போதுங்க. பொண்ணு கல்யாணத்தை முடிச்சிருவேன்."

அந்துவான் கிழக்கே பார்த்தார். "புயல் கியல் எதுனா வரும்னு பேசிக்கிறாங்களா?"

"ஏங்க, வாயக் கழுவுங்க!" என்றாள் அவள். ஆனால் கோபிக்கவில்லை. வரப்பில் கல் கூட்டி, அப்போது பிடுங்கிய மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தாள். அதன் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை. சூடும் உப்பும் பச்சை வாசனையும் சேர்ந்து விரல் வரைக்கும் இனித்தது. அந்துவான் நாலைந்தைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒரு பொட்டலம் சோயாவை அவளிடம் கொடுத்து, வரப்போரமாகப் போட்டுப் பாருங்கள் என்றேன். பால் கதையைச் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

திரும்பி நடக்கும்போது நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, இவ்வளவும் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும். அதற்கு முன்னால் உங்கள் சரக்கை விற்றுவிடுங்கள்."

அவர் திரும்பி அந்த நிலத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கப்பலுக்குத்தான் தம்பி அது. லியென் அவங்க அம்மாவ ஒரு தபா பாக்கணும்னா. மல்லாட்டைய வித்து கூட்டிகினு போறேன்னு சொன்னேன். ஆடியில வித்திருந்தா டிக்கெட்டுக்குச் சரியாப் போயிருக்கும். மாமியார் வூட்டுக்கு வெறுங்கையோட போறதான்னு வெச்சிருந்தேன். அப்புறம் எறங்க ஆரம்பிச்சிது. இப்ப வித்தா அசலுக்கே சரியா வருமோ இன்னாவோ. ஒரு காத்து அடிச்சா ஏறிடும்." தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பொம்பளை நமக்கு அவிச்சுக் குடுத்துகினு இருக்கா, நான் புயலக் கேட்டுகினு இருக்கேன்."

மறுநாள் காலையில் லியென் ஆட்டுக்கல்லில் சோயா அரைத்துக்கொண்டிருந்தாள். முந்தின இரவே ஊறப்போட்டிருக்கிறாள். அரைத்ததை அந்துவானின் பழைய வேட்டியில் வடிகட்டி, பெரிய குண்டானில் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு பிழிந்தாள். பச்சைச் சோயாவின் வாடைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து வேடிக்கை பார்த்தார்கள். பால் திரிந்ததும், "ஐயோ, கெட்டுப்போச்சு சைகோன் அக்கா!" என்று ஒருத்தி கூவினாள். லியென் சிரித்துக்கொண்டே அதைத் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைத்தாள். கட்டியானதும் வெட்டி, மல்லாட்டை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்திகூட தின்னாமல் போகவில்லை. ஒருத்தி மட்டும், "உப்பு இல்ல, உறைப்பு இல்ல, இன்னா இது" என்றபடியே இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு தட்டில் எனக்கும் அந்துவானுக்கும் வைத்தாள். தனக்கு ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே அழுதாள். பிறகு என்னைப் பார்த்து அவளுடைய மொழியில் சொன்னாள்: "நீ போகிற கப்பலில் என்னையும் கூட்டிக்கொண்டு போ. நான் திரும்பி வருவேனா என்று இப்போது கேட்காதே."

அந்துவான் சைகோனில் அத்தனை வருஷம் இருந்தவர். அது அவருக்கும் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தார். பிரெஞ்சில் பேசினார்.

"இன்னும் ஒரு மாதம். விலை ஏறட்டும். நானே..."

"நீ ஒவ்வொரு மாதமும் வானத்தைப் பார்த்தாய்" என்றாள் அவள். "விலையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாயா? எனக்கு லாபம் வேண்டாம். எனக்குக் கப்பல் வேண்டும். என் அம்மாவுக்கு வயதாகிறது, அது மட்டும்தான் எந்த மாதமும் இறங்காமல் ஏறுகிறது."

நான் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். படகுகள் மணலில் கிடந்தன. கடல் ஒரு பாவமும் அறியாத மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு முடிவு செய்யவேண்டியிருந்தது. முதலாளிக்கு, 'உடனே வாங்கவும்' என்று ஒரு தந்தி அடித்தால் போதும். அந்துவானின் சரக்கு முழுவதும் நல்ல விலைக்கு எங்களிடமே வந்துவிடும். இரண்டு பேரும் கப்பல் ஏறலாம். அந்த எண்ணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் பிடுங்கிப் பார்த்த செடிகள் வேறு சொல்லின. தபாலாபீசில், 'விளைச்சல் மிக நன்று. விலை இறங்கும். பொறுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் ஒரு சோடா குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்துவானிடம் மறைக்காமல் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "ஜமால் பாய் கிட்ட போய்ட்டு வந்துடறேன்" என்றார். விளக்கு வைப்பதற்குள் கிடங்கு காலியாகிவிட்டது. லாபம் இல்லை. டிக்கெட்டுக்குப் போதாமல் இருந்ததற்குத் தன் கைக்கடிகாரத்தையும் பட்டாளத்துப் பெட்டியையும் விற்றார். அவர் டிக்கெட் இரண்டாக எடுத்தாரா ஒன்றாக எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. லியென் கேட்டாள். "ரெண்டு" என்றார் தமிழில். அந்த வார்த்தை மீன்காரப் பெண்களிடமே அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காற்று பிடித்தது. பிறகு மழை. இப்படி ஒரு மழையை நான் சைகோனில்கூடப் பார்த்ததில்லை. அங்கே மழை வரும், கொட்டும், போய்விடும். இது வந்து குடியேறிவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற விழுப்புரத்துப் பாதையில் தண்டவாளம் முழுகி ரயில் நின்றது; கப்பலும் காற்று ஓய்ந்த பிறகுதான் கிளம்புமாம். கட்டிய பெட்டிகளோடு நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். நான் தபாலாபீசுக்கு நனைந்துகொண்டே போய், 'முந்தைய தந்தியை மறக்கவும். புயல். விலை ஏறும்' என்று இன்னொரு தந்தி கொடுத்தேன். முதலாளியிடமிருந்து பதில் வந்தது: 'சோயா வாங்கியாகிவிட்டது. திரும்பி வா.' என் முதல் தந்திக்கு அவர் காத்திருக்கவே இல்லையோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மழை கொஞ்சம் விட்டதும் அந்துவான் குடையை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். போகாமல் அவரால் இருக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது குடை மடங்கித் தொங்கியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லியென் துண்டை எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டினாள்.

"ஏறிடுச்சு தம்பி" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நான் நெனச்சதுக்கும் மேல."

"அண்ணே, நான்தான் விற்கச் சொன்னேன்..."

"நீ பாத்தத நீ சொன்ன." துண்டை வாங்கி முகத்தை அழுத்தித் துடைத்தார். "வில்லியனூர்க்காரங்க வந்திருந்தாங்க ஆலைக்கு. மல்லாட்டை மண்ணுக்குள்ளயே மொளைச்சிகினு கீதாம். தண்ணி வடியலயாம். அத வெச்சு ஏறின வெல தம்பி அது. அத வாங்கிகினு கப்பல் ஏறியிருந்தா, இவ அம்மா மொகத்துல நான் எப்பிடி முழிச்சிருப்பேன்?" கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வவுறு எரியுதுதான்" என்றார். அவரே சிரித்துவிட்டார்.

லியென் எதைப் பற்றிப் பேச்சு என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவருடைய ஈரச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அந்துவான் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தார். இத்தனை நாள் கூடவே இருந்ததில், அவர் அப்படிப் பார்த்தால் அடுத்து மல்லாட்டைப் பேச்சுத்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

"நாம போய்ச் சேரும்போது அங்க மழை வுட்டிருக்குமா?" என்று கேட்டார்.

கணிப்புச் சொல்லி ஒரு முறை பட்டது எனக்குப் போதும். கொடியில் சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டிருந்த லியென், திரும்பாமலே தமிழில் பதில் சொன்னாள்.

"வுட்டுடும். நீ வா."